சென்னையிலிருந்து டொராண்டோ: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

மீனம்பாக்கத்திலிருந்து டொராண்டோ பியர்சன் விமான நிலையத்துக்குப் பூமியின் வளைவை ஒட்டி அளந்தால் ஏறக்குறைய 13,400 கிலோமீட்டர். நேரடி விமானம் கிடையாது, எங்காவது இறங்கி மாறித்தான் ஆக வேண்டும். அதனால் சுற்று அதிகமாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். லண்டன் வழியாக 8,230, அங்கிருந்து 5,710, மொத்தம் 13,940. துபாய் வழியாகப் போனால் 14,000 சொச்சம். கூடுதல் தூரம் விமானத்துக்கு முக்கால் மணி நேர வேலைதான். வீட்டில் உலக உருண்டை இருந்தால் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். கஜகஸ்தான், ரஷ்யா என்று ஏறி, வடதுருவ வட்டத்தையும் தாண்டி, கிரீன்லாந்து மேலாக இறங்கும். ஐரோப்பா அந்த நூலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

பறக்கும் நேரம் எந்த வழியிலும் 18, 19 மணி. மொத்தப் பயணம் 22 மணியா 30 மணியா என்பது நடுவில் காத்திருக்கும் நேரத்தைப் பொறுத்தது. ஒன்றரை மணி நேர இணைப்பை எடுக்கவே எடுக்காதீர்கள். முனையம் மாற பேருந்து, மறுபடி பாதுகாப்புச் சோதனை என்று அது கரைந்துவிடும். மூன்று மணி இருந்தால் நிம்மதி. விலை குறைவென்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால் பொறுப்பேற்க யாருமில்லை. ஊறுகாய் பாட்டிலைக் கைப்பையில் வைக்காதீர்கள். அதையும் திரவக் கணக்கில் சேர்த்து, மாறும் இடத்தில் எடுத்துவிடக்கூடும்.

டிக்கெட்டில் இருப்பதெல்லாம் அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் டொராண்டோ நம்மைவிட 10½ மணி பின்னால், மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை 9½. ஜனவரியில் காலை 5.30க்குக் கிளம்பி அதே நாள் மாலை 5க்கு இறங்கினால் பதினொன்றரை மணி நேரப் பயணம் போலத் தெரியும். உண்மையில் 22. திரும்பும்போது இதுவே தலைகீழ்: திங்கள் இரவு 10க்கு ஏறினால் புதன் காலை 6.30க்குத்தான் சென்னை. செவ்வாய் முழுக்கப் பயணத்திலேயே போய்விடும், விடுப்பு கேட்கும்போது அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மேற்கே போகும்போது எதிர்க்காற்று. துபாயிலிருந்து டொராண்டோ 14 மணி, திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் குறையும். பனிக்காலத்தில் டொராண்டோவிலிருந்து கிளம்பும் முன் இறக்கையில் ஆரஞ்சு நிறத் திரவத்தைப் பீய்ச்சி உறைபனியைக் கரைப்பார்கள். வரிசை நீளமானால் அங்கேயே அரை மணி, ஒரு மணி ஓடிவிடும்.

நிரந்தர வதிவிட உரிமையோடு (PR) முதன்முறை போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விமானம் கனடாவுக்குள்ளேயே மாண்ட்ரியலில் மாறினால் குடிவரவுச் சோதனை அங்கேயே நடக்கும், டொராண்டோவில் அல்ல. பெட்டியையும் அங்கே எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கலாம். அங்கு நான்கு மணி நேரமாவது விடுங்கள். வதிவிட உரிமையை உறுதிப்படுத்தும் தாள் கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம்.