மலர்க்குழுவில ஒரு செல்வி

மழைக்கு ஒதுங்கப் போய் வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகத்தில மூண்டு மணித்தியாலம் இருந்திட்டன். கையில பட்டது பழைய கம்பஸ் மலர்கள், அதுதான் பல்கலைக்கழகப் பிள்ளையள் வெளியிடுற சஞ்சிகையள், எந்தக் கம்பஸ் எண்டு கேக்காதேங்கோ, என்ர கம்பஸும் அதுக்குள்ள இருக்கு.

எனக்கு முதல்ல செயற்குழு படம் பாக்கோணும். அம்மா ஆக்களின்ர காலத்து மலரொண்டில ரெண்டே ரெண்டு பொம்பிளையள், சாறி, பின்னல், கதிரை நுனியில இருக்கினம், கொழும்பு மருத்துவக் கல்லூரி 1892இலயே பெண்களைச் சேர்த்தது, எண்பது வருசம் கழிச்சும் ரெண்டு பேர்தான்! ஒராள் உப செயலாளர், மற்றவ பொருளாளர். உள்ளுக்க கவிதை முழுக்கக் கண், குடை, பஸ்ஸுக்கு நிண்டவள், எழுதினது எல்லாம் பெடியள். சிரிப்புப் பக்கத்தில லேடீஸ் ஹொஸ்டல் பகிடி. அட்டையில மட்டும் தமிழ்த்தாய் வீணையோட.

எண்பதுகளுக்குப் பிறகு குடை போய் கண்ணீர் வந்திட்டுது. எல்லாக் கவிதையிலயும் ஒரு அம்மா வாசல்ல நிக்கிறா, அவவுக்கு ஒரு வேலை இல்லை, ஒரு கோவம் இல்லை, பேரும் இல்லை. அதே காலத்தில யாழ்ப்பாணக் கம்பஸில செல்வி எண்டு ஒராள் (இது பட்டமில்லை, பேர்) தோழி எண்ட பெண்ணிய சஞ்சிகை நடத்தினவ, அவவை 1991இல பிடிச்சுக்கொண்டு போனவை, திரும்பி வரேல்ல. அதே கம்பஸில உடற்கூற்றியல் துறைத் தலைவியா இருந்த ரஜனி திராணகமவை 1989 செப்டம்பர் 21, சைக்கிளில வீட்டை போகேக்க சுட்டவை. இவையள் ஆரும் அந்த வாசல் அம்மா மாதிரி இல்லை. நான் புரட்டின மலரொண்டிலயும் இப்பிடி ஒரு பொம்பிளையைக் காணேல்ல.

சரி, என்ர கதைக்கு வாறன். எங்கட பட்ச் மலருக்கு மூண்டு இரவு பாமினி எழுத்துருவில டைப் பண்ணினது நான். புரூஃப் பாக்க அச்சகத்துக்கு வாறன் எண்டா இதழாசிரியர் அண்ணா சொல்லுறார், "தங்கச்சி, இரவில பொம்பிளப் பிள்ளையள் வரேலாதுதானே". அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனன். மலர் வந்தாப்போல பாத்தா நன்றிப் பக்கத்தில, கடைசி வரியில, தட்டச்சு உதவி எண்டு கிடக்கு. மலர்க்குழுவில என்ர பேர் இல்லை.

ஒண்டை மறைக்கேலாது, அந்த மலரின்ர ஹொஸ்டல் பகிடியளை டைப் பண்ணினதும் நான்தான், சிரிச்சுச் சிரிச்சு.

நன்றிப் பக்கத்தைப் படமெடுத்து பட்ச் வாட்ஸப் குரூப்பில போட்டன். அண்ணா ஒரு தம்ஸ் அப் போட்டிருக்கிறார்.