எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கப் போகிறீர்களா?

"எங்கள் ஊரில் குடிநீர்ப் பிரச்சினை" என்று ஒற்றை வரியில் எழுதிய மனு, அன்று வந்த சால்வைகளோடு மூட்டைக்குள் போய்விடும். எந்தத் தெரு, எத்தனை வீடு, போர்வெல் வற்றிவிட்டதா, மோட்டார் பழுதா, குழாய் உடைசலா என்று எழுதுங்கள். மூன்றுக்கும் செலவு வேறு.

தமிழ்நாட்டில் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அது அவர் கைக்கு வருவதில்லை. அவர் பணியைப் பரிந்துரைப்பார். ஊராட்சி ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு போடுவார். ஆட்சியர் நிர்வாக அனுமதி தந்த பிறகே டெண்டர்.

பெரும்பாலும் சிக்குவது நிலத்தில்தான். நிழற்குடையோ ரேஷன் கடையோ, கேட்கும் இடம் பட்டா நிலமானால் வேலை நடக்காது. ஏரி, ஓடைப் புறம்போக்கானாலும் அப்படியே. கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணையும் வகைப்பாட்டையும் பார்த்து மனுவில் சேர்த்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம். சாலையென்றால் அது ஊராட்சியுடையதா, ஒன்றியத்துடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்பது முக்கியம். மாற்றிக் கொடுத்த மனு மேசை மேசையாகச் சுற்றும்.

மேல்நிலைத் தொட்டி கேட்பவர்கள் நீர் ஆதாரத்தை முதலில் உறுதிசெய்யட்டும். காலித் தொட்டிக்குத் திறப்பு விழா நடத்துவதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள்!

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் ஏதாவதொன்றில் தீர்மானம் போட்டு, அதன் நகலை மனுவோடு இணையுங்கள். இன்னொரு நகலை ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்து மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை எம்.எல்.ஏ.வின் உதவியாளரிடம் பேசும்போது அந்த எண்ணைச் சொல்லிக் கேட்கலாம்.