கொழிஞ்சாம்பாறை மாடியில் ஒரு சிவப்பு மீப்பெரு விண்மீன்

எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு ஆல்மா ரேடியோ தொலைநோக்கியின் ஆர்க்கைவில் (சேமிப்பகத்தில்) உள்ள தரவை எடுக்கலாமா என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். தாராளமாக எடுக்கலாம். தொலைநோக்கி இருப்பது சிலியில், 5,000 மீட்டர் உயரத்தில். ஆனால் தொலைநோக்கி நேரம் கேட்டு வாங்கியவர்களுக்கான ஒரு வருடத் தனி உரிமை முடிந்ததும் தரவு எல்லோருக்கும் இலவசம். நான் கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் வீட்டு மாடியில் உட்கார்ந்துதான் வி.ஒய். கேனிஸ் மேஜரிஸ் என்ற சிவப்பு மீப்பெரு விண்மீனைச் சுற்றியுள்ள வாயுவைப் படமாக்கினேன். அங்கே அதிகம் இருப்பது ஹைட்ரஜன் மூலக்கூறு, ஆனால் அந்தக் குளிரில் அது ரேடியோவில் வாயே திறக்காது, அதனால் கூடவே இருக்கும் கார்பன் மோனாக்சைடின் 230.538 கிகாஹெர்ட்ஸ் நிறமாலைக் கோட்டைப் பிடித்துக் கணக்குப் போடுகிறோம்.

இந்தத் தரவைப் படமாக்கும் காசா மென்பொருள் விண்டோஸில் நேரடியாக ஓடாது, லினக்ஸ் போட்டுவிடுங்கள். தரவோடு வரும் ஸ்கிரிப்ட் எந்தப் பதிப்பைச் சொல்கிறதோ அதையே போடுங்கள். அப்புறம், எங்கள் ஊரில் மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, விட்ட இடத்திலிருந்து தொடரும்படி டவுன்லோடு போடுவது நல்லது.

உண்மையான தலைவலி, விண்மீனின் தொடர் கதிர்வீச்சை, அதாவது எல்லா அலைவரிசையிலும் பரவி வரும் ஒளியை, கழிப்பது. கோடே இல்லாத சேனல்களை (அலைவரிசையின் சிறு துண்டுகளை) தேர்ந்தெடு என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள், இந்த விண்மீனில் அப்படி இடம் எங்கே இருக்கிறது? சல்ஃபர் டை ஆக்சைடு கோடுகள் மழைக்குப் பிந்தைய புல் போல எங்கும் முளைத்திருக்கின்றன, நடுவில் நம் சமையல் உப்பான சோடியம் குளோரைடு வேறு. நொடிக்கு 1 கி.மீ. வேகம் இந்த அலைவரிசையில் 0.77 மெகாஹெர்ட்ஸ், வாயு இரு பக்கமும் 40 கி.மீ. வேகத்தில் விரிந்தால் ஒரு கோடே 60 மெகாஹெர்ட்ஸை விழுங்கிவிடும். பைப்லைன் (தானியங்கி நிரல்) காலி என்று காட்டிய சேனல்களை நான் நம்பவில்லை, மூலக்கூறுப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்தேன். சலிப்பான வேலைதான், ஆனால் இதில் கோட்டைவிட்டால் பின்னால் வரும் எந்த எண்ணுக்கும் மதிப்பில்லை.

படம் வந்ததும் விண்மீனைச் சுற்றி எதிர்மறை மதிப்பில் ஒரு பள்ளம். "எந்தா மோனே (என்ன மகனே), வாயுவுக்கு மைனஸா?" என்றார் மாஷ், என் ஆசிரியர். 12 மீட்டர் ஆன்டெனாக்களை ஓரளவுக்கு மேல் நெருக்கி நிறுத்த முடியாது, அதனால் பரவலாகக் கிடக்கும் வாயு அவற்றுக்குத் தெரிவதில்லை, பள்ளம் விழுவது அதனால்தான். அந்த ஓட்டையை அடைக்கத்தான் 66 ஆன்டெனாக்களில் 12 மட்டும் 7 மீட்டரில் கட்டப்பட்டிருக்கின்றன. அந்தத் தரவும் சேர்ந்து கிடைக்கிற விண்மீனாகப் பார்த்து எடுங்கள். என் தொகுப்பில் அது இல்லை; வாயுவின் நிறையைக் கீழ்வரம்பு என்றே எழுதிக் கொடுத்தேன், மாஷும் அதற்குமேல் கேட்கவில்லை.