லாபம், ரெண்டு, மூணு

போன மாதம் எங்கள் பொருளாதாரப் பேராசிரியர், சார், காலமானார். 86 வயது. சைதாப்பேட்டையில் நாற்பது வருஷமாகக் குடியிருந்த வாடகை வீட்டு மாடியில், தூக்கத்திலேயே போய்விட்டார். மாலை வேண்டாம், சங்கு வேண்டாம், உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தார். அப்படியே செய்தோம். வண்டி கிளம்பிப் போன பிறகும் பழைய மாணவர்கள் பதினைந்து பேர் தெருவிலேயே நின்றிருந்தோம். எல்லாருக்கும் தலை நரைத்திருந்தது. "அயனாவரம், டீ குடிக்கலாமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, வியாசர்பாடி.

சார் வைத்த வழக்கம் அது. வகுப்பில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். எந்தப் பேட்டையிலிருந்து பஸ் ஏறி வருகிறோமோ அதுதான் பேர். இருபது வயசுப் பிள்ளைகளை "நீங்க" என்று மரியாதை கொடுத்துப் பேசிய ஒரே ஆசிரியரும் அவர்தான்.

1982 ஜூலையில் எம்.ஏ. பொருளாதாரம் சேர்ந்தேன். முதல் வகுப்புக்குப் புத்தகம் இல்லாமல் வந்தார். "களத்துல நெல் அளக்கிறவர் முதல் மரக்காலை ஒண்ணுன்னு சொல்ல மாட்டார். லாபம்னு சொல்வார். லாபம், ரெண்டு, மூணு, அப்படித்தான் எண்ணிக்கை போகும். யாருக்கு லாபம்?" என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. எங்களில் பாதிப் பேர் மரக்காலையே பார்த்ததில்லை.

பிறகு அவரே சொன்னார். கீழத்தஞ்சையில் ஒரு மிராசுதாரிடம் அவருடைய அப்பா கணக்குப்பிள்ளை. அந்தப் பண்ணையில் இரண்டு மரக்கால் இருந்தன. குத்தகை நெல் உள்ளே வரும்போது ஒன்று, பண்ணையாட்களுக்குக் கூலி வெளியே போகும்போது இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே உயரம், ஒரே வாய் அகலம். கூலி மரக்காலுக்கு மட்டும் உள்ளே அடிக்கட்டை இரண்டு விரல் தடிமன் கூடுதல். நோட்டில் இரண்டுக்கும் மரக்கால் என்றே பேர். "எங்கப்பா பொய்க் கணக்கு எழுதல. எண்ணிக்கை எப்பவும் சரியா இருக்கும். அளவைதான் பொய்," என்றார். அந்த இரண்டு வருஷமும் அவர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இதைத்தான்: கணக்கைப் பார்ப்பதற்கு முன்னால் அளவையைத் திருப்பிப் பார்.

1968 டிசம்பர் 25 இரவு அதே கீழத்தஞ்சையில், கீழவெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலியில் கூடுதலாக அரைப்படி நெல் கேட்டதிலிருந்து மூண்ட தகராறு. சாருக்கு அப்போது 30 வயது, சென்னையில் விரிவுரையாளர். செய்தி வந்ததும் ஊருக்கு ஓடியவர் அப்பாவிடம் கேட்டிருக்கிறார், "தெரிஞ்சுதான் எழுதினீங்களா?" அப்பா சொன்னாராம், "எழுதாம இருந்திருந்தா நீ காலேஜ் போயிருப்பியா?" இதை எங்களிடம் ஒரே ஒரு தடவை, ஒரு மழை நாளில் கேன்டீனில் வைத்துச் சொன்னார். அன்றைக்கு டீயைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

உற்பத்திச் சார்பு, அதாவது உழைப்பும் மூலதனமும் சேர்ந்து எவ்வளவு உற்பத்தி தரும் என்ற சூத்திரம், நடத்தும்போது மற்ற ஆசிரியர்கள் உழைப்புக்கு எல், மூலதனத்துக்கு கே என்று எழுதி மளமளவென்று வகையீடு போட்டுக்கொண்டே போவார்கள். சார் 'கே'யைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்தார். "உழைப்பை ஆள் நாள்ல அளந்துடலாம். மூலதனத்தை எதால அளப்பீங்க? தறி, கப்பல், கொதிகலன் எல்லாத்தையும் எப்படிக் கூட்டுவீங்க? அயனாவரம், நீங்க சொல்லுங்க."

"ரூபாயில சார்."

"அந்தத் தறிக்கு ரூபாய் மதிப்பு எப்படி வந்தது?"

"அதிலேர்ந்து வரப்போற லாபத்தை வெச்சு."

"லாபம் ஏன் இவ்வளவுன்னு கண்டுபிடிக்கத்தானேம்மா மூலதனத்தை அளக்க வந்தோம்?"

இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர் ஜோன் ராபின்சன் 1953-54-ல் கேட்ட கேள்வி அது. இங்கிலாந்து கேம்பிரிட்ஜுக்கும் அமெரிக்கக் கேம்பிரிட்ஜுக்கும் நடுவே அதை வைத்துப் பெரிய சண்டையே நடந்தது. 1960-ல் இங்கிலாந்துப் பக்கத்து ஸ்ராஃபாவின் நூறு பக்கத்துச் சின்னப் புத்தகம் வந்தது. 1966-ல் அமெரிக்கப் பக்கத்துச் சாமுவேல்சனே முக்கியமான ஓர் இடத்தில் தன் பக்க வாதம் நிற்காது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் பாடப்புத்தகத்தில் அந்த 'கே' அப்படியே இருக்கிறது. என் பெண் 2012-ல் படித்ததிலும் இருந்தது, வட்டம் போடாமல். 1983 ஆகஸ்டில் ராபின்சன் இறந்த செய்தி வந்த வாரம் சார் பாடத்திட்டத்தை மூடிவைத்துவிட்டு, அந்த அம்மாவின் கட்டுரையை வரி வரியாகத் தமிழில் சொன்னார். அவருக்கு நோபல் பரிசு கொடுக்காமலே விட்டதைச் சொல்லும்போது சாருக்குக் குரல் உயர்ந்தது. வகுப்பில் அவர் கோபப்பட்டு அப்போதுதான் பார்த்தேன்.

அதே 1983-தான் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் தலைவிரித்து ஆடிய வருஷம். தேசிய வருமானம் பாடத்தில் பிகு என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் சொன்னதை எடுத்தார்: வீட்டு வேலை செய்யும் பெண்ணை முதலாளியே கல்யாணம் செய்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும், வேலை அதேதான், சம்பளம் மட்டும் நின்றுபோகும். பையன்கள் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. "எல்லாரும் வீட்டுக்குப் போய் ஒரு நாள் முழுக்க உங்க அம்மா பக்கத்துல உக்காந்து மணிக்கணக்கு எழுதிட்டு வாங்க," என்றார்.

அம்மா மூன்றரைக்கு எழுந்தாள். தெருக்கோடி அடிபம்பில் பதினொரு குடம். அப்புறம் அடுப்பு, அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கேரியர், துணி, மறுபடி தண்ணீர், மாவாட்டல், தம்பிக்கு வீட்டுப்பாடம், பாட்டிக்குக் கால் பிடித்துவிடுவது. இரவு பத்தே காலுக்குப் பாத்திரம் கவிழ்த்தாள். கூட்டினால் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் வந்தது. அப்பா பெரம்பூர் லோகோவில் எட்டு மணி நேர ஷிப்ட்.

நோட்டைப் பெருமையாக நீட்டினேன். சார் நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டார், "வரிசையில நின்னது எங்க?" தண்ணீர் அடித்ததையும் சுமந்ததையும்தான் எழுதியிருந்தேன். வரிசையில் குடத்தை வைத்துவிட்டுக் காத்திருந்ததை எழுதவில்லை. சும்மா நிற்பது வேலையில் சேராதே! "அந்த நேரம் அவங்க கையில இருந்ததா? எழுந்து வேற எங்கயாவது போயிருக்க முடியுமா?" என்றார். காலையும் சாயங்காலமுமாக இரண்டு மணி நேரம் அதில் விட்டுப்போயிருந்தது. என் அம்மாவை நானே சின்ன மரக்காலால் அளந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "இதெல்லாமா காலேஜ்ல படிக்கிறீங்க?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியிலிருந்து, "சனிக்கிழமை உங்களுக்கெல்லாம் எண்ணெய் தேய்ச்சு விடறேனே, அதையும் எழுதிக்கோ," என்றாள்.

அவரும் தப்பாக அளந்ததுண்டு. நாங்கள் சேர்ந்த அதே 1982 ஜூலை 1-ம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கிராமங்களில் தொடங்கினார். செப்டம்பரில் நகரங்களுக்கும் வந்தது. சார் அதை ஓட்டுக்குப் போடும் சோறு என்றார். கூலியை உயர்த்தாமல் தட்டில் சோறு போடுவது நிலத்தையும் கூலியையும் பற்றிய பேச்சை அடக்கத்தான் என்று ஒரு மணி நேரம் பேசினார். பின் பெஞ்சிலிருந்து வியாசர்பாடி எழுந்தான். "சார், என் தங்கச்சி ரெண்டு வருஷமா பள்ளிக்கூடம் போகல. இப்ப போறா." அவ்வளவுதான் சொன்னான், உட்கார்ந்துவிட்டான். சார் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் வந்தவர், மூன்று நாள் மத்தியானம் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் போய் உட்கார்ந்து தலை எண்ணிவிட்டு வந்ததாகச் சொன்னார். 1920-ல் ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தியாகராயச் செட்டியார் காலத்தில் பிள்ளை ஒன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுத்ததிலிருந்து காமராஜர் காலம் வரைக்கும் படித்துக் குறிப்பெடுத்திருந்தார். "வியாசர்பாடி சொன்னதுதான் சரி. நான் தியரியை வெச்சு அளந்தேன். பசியை அளக்கல," என்று எல்லார் முன்னாலும் சொன்னார். ஒரு பேராசிரியர் மாணவனிடம் அப்படிச் சொல்வதை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

கல்லூரி அவரை நன்றாக நடத்தவில்லை. எந்தக் கல்லூரி என்று எழுதப் போவதில்லை, அவரும் எழுதினதில்லை. ஒரு காலத்தில் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்ட தொகை ஒன்று, கைக்கு வந்த தொகை வேறு. அதைக் கேட்டதற்காக ஒதுக்கப்பட்டார். இரண்டு ஜூனியர்கள் அவரைத் தாண்டித் துறைத் தலைவர் ஆனார்கள். 1996-ல் ஓய்வு பெற்றபோது பிரிவு உபசாரக் கூட்டத்துக்கு நிர்வாகத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

சனிக்கிழமைகளில் பெரம்பூரில் ஒரு சின்ன அறையில் தொழிலாளிகளுக்கு வகுப்பு எடுப்பார். பி அண்ட் சி மில் ஆட்கள்தான் அதிகம். 1918-ல் நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்த மில்லை ஒட்டித்தான். ஒரு சனிக்கிழமை நானும் போனேன். உபரி மதிப்பு, அதாவது கூலிக்கு மேல் தொழிலாளி உழைத்து முதலாளிக்குப் போகும் மதிப்பு, பற்றி சார் சொல்லிக்கொண்டிருந்தபோது நெசவுப் பிரிவிலிருந்து ஒரு பெரியவர், "இது தெரியும் சார். எத்தனை மணிக்கு மேல நான் அவங்களுக்காக ஓட்டறேன்னு தறிச் சத்தத்திலேயே எனக்குத் தெரியும்," என்றார். சார் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் ஓய்வு பெற்ற அதே வருஷம்தான் மில்லும் மூடியது.

எல்லாவற்றிலும் நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. எம்.ஏ. முடித்து வங்கி வேலைக்குப் போனேன். கம்ப்யூட்டர் வந்தபோது அவர் முழுக்க எதிர்ப்பு. கவுண்டரில் பென்ஷன் வாங்க வரும் கிழவி மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை தினமும் பார்க்கிறவள் நான். "அவங்க வரிசையில நிக்கறதை நீங்க எழுதலையே சார்," என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். கருத்தை மாற்றிக்கொண்டதாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த விஷயத்தில் எதிர்ப்பு எழுதவும் இல்லை.

2011 செப்டம்பரில் திட்டக் குழு உச்ச நீதிமன்றத்தில் வறுமைக்கோட்டுக் கணக்கைச் சொன்னது: நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26. மறுநாள் காலை சாரிடமிருந்து போன். "32 ரூபாயோட வாங்க. வேற காசு எடுத்துட்டு வராதீங்க." சைதாப்பேட்டை மார்க்கெட்டில் இரண்டு பேருமாக நடந்தோம். 73 வயது அவருக்கு, கையில் மஞ்சள் பை. அரிசி, பருப்பு, கொஞ்சம் எண்ணெய், இரண்டு தக்காளி, ஒரு கட்டுக் கீரை. ஒரு நாளைக்கு வேண்டிய அளவு மட்டும் கேட்டால் கடைக்காரர்கள் விநோதமாகப் பார்த்தார்கள். பஸ்ஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஒதுக்கியதும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. வாடகை, மருந்து, பிள்ளைக்கு நோட்டு எல்லாம் அப்படியே பாக்கி நின்றன. பூக்காரம்மா கூப்பிட்டு ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கச் சொன்னாள். "இவங்க இன்னைக்குக் கோட்டுக்கு மேல இருக்காங்கம்மா, ஆனா பூ வாங்க முடியாது," என்று சார் அவளிடம் விளக்கினார். அவள் காசு வாங்காமல் என் தலையில் வைத்துவிட்டாள்.

2024 ஜூலையில் சி.டி. குரியன் இறந்தார். கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியர், பிறகு அடையாறு வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர். யாரிடம் என்ன இருக்கிறது, யார் என்ன செய்கிறார்கள், யாருக்கு என்ன கிடைக்கிறது என்ற மூன்று கேள்விகளை வைத்துப் பொருளாதாரத்தைச் சொன்னவர். மாணவர்களாக இருந்தபோது சார் எங்களை அந்த நிறுவனத்து நூலகத்துக்கு விரட்டிக்கொண்டே இருப்பார். செய்தி வந்தபோது சார் படுக்கையில் இருந்தார். நான்தான் பேப்பரைப் படித்துக் காட்டினேன். "இன்னொரு தடவை படிங்க," என்றார். படித்தேன்.

சார் புத்தகம் எதுவும் எழுதவில்லை, துண்டுப் பிரசுரங்கள்தான். வகுப்புக் குறிப்புகள் எல்லாம் தமிழில், நீல மசியில், பாதி பஸ் டிக்கெட்டுகளுக்குப் பின்னால். வீட்டுக்காரர் இந்த மாதக் கடைசி வரை டைம் கொடுத்திருக்கிறார். பதினேழு மூட்டை கட்டிவைத்தோம், ஆறுதான் பிரித்துப் பார்த்திருக்கிறோம். மாணவர்களின் அம்மாக்களைப் பற்றிய மணிக்கணக்கு நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்காமல் எல்லா வருஷத்தினுடையதையும் ஒரு தனி மூட்டையாக வைத்திருக்கிறார். என்னுடையது இன்னும் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடி டெம்போ கொண்டுவருகிறான்.