பூக்காவின் சட்டைப்பையில் ஒரு தேவதை

ஐரிஷ் எழுத்தாளர் ஃப்ளான் ஓ'பிரையனின் 'அட் ஸ்விம்-டூ-பேர்ட்ஸ்' (1939) நாவலில் பலர் முதல் சில பக்கங்களிலேயே தடுமாறுவார்கள். தொடக்கமே மூன்று! ஒன்றாகக் கோக்கப் பார்த்தால் எதுவும் பிடிபடாது. டப்ளினில் மாமா வீட்டில் தங்கிப் படிக்கும், படுக்கையை விட்டு எழாத மாணவன்தான் கதைசொல்லி. அவனைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

ஐரிஷ் நாட்டார் கதைகளில் உருமாறி ஊரை மிரட்டும் பூதமான பூக்கா, அவன் எழுதும் கதையில் மரியாதை தவறாத கனவான். உடலற்ற தேவதை ஒன்று பூக்காவின் சட்டைப்பையில் பயணம் செய்கிறது, ஓயாமல் வாதாடுகிறது. சீட்டாட்டத்தில் தேவதை தோற்றதும்தான் சிக்கல்: கொடுக்கக் காசில்லை. மரத்துக்கு மரம் தாவிய பித்தன், பழைய ஐரிஷ் காவியத்து அரசன் ஸ்வீனி, கிளையிலிருந்து விழுந்து அடிபட்டுக் கிடக்கிறான். வழிப்போக்கர்கள் கைத்தாங்கலாகக் கூட்டிப்போகிறார்கள். யாருக்கும் பெரிய வியப்பில்லை.