தேக்கா சமையலறையில் ஒரு திரை

சிங்கப்பூர் தேக்காவில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் கேட்டரிங் நடத்துகிறார். ஆர்டர் வாட்ஸ்அப்பில் வரும், நோட்டில் ஏறும், அப்புறம் சமையலறைக்குப் போகும். போன தீபாவளிக்கு இந்த வழியில் ஒரு சைவ ஆர்டர் விட்டுப்போனது. அக்கா அழுதேவிட்டார்.

ரெடிமேட் மென்பொருள் ஒன்று ஏற்கெனவே வாங்கியிருந்தார். அது தட்டுக் கணக்கில் ஓடும். இவர்கள் கணக்கு ட்ரே. நாற்பது பேருக்கு எத்தனை ட்ரே என்று அதற்குத் தெரியாது. யாரும் தொடவில்லை.

நான் உடனே கோட் எழுத உட்காரவில்லை. இரண்டு நாள் விடியற்காலை நான்கு மணிக்குப் போய் ஓரமாக நின்று பார்த்தேன். மாஸ்டர் கை எந்நேரமும் மாவும் எண்ணெயும். தொடுதிரை அவருக்கு ஆகாது. சரி, சுவரில் பெரிய எழுத்தில் ஒரு திரை, சைவத்துக்குப் பச்சைப் பட்டை, முடிந்ததும் முழங்கையால் அழுத்த ஒரு பொத்தான். பில்லில் 9 விழுக்காடு ஜிஎஸ்டி தானாகச் சேர்ந்துவிடும். 2024 ஜனவரியில் 8லிருந்து ஏறியபோது ஒவ்வொரு பில்லாகக் கையால் திருத்தினார்களாம், பாவம்.

இன்று காலை மாஸ்டர் தோசைக்கல்லிலிருந்து திரும்பாமலே கேட்டார்: "தம்பி, நாளைக்கு எவ்வளவு அரிசி ஊறப்போடணும்னு இதுவே சொல்லுமா?"

அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.