பாட்டி வீட்டுக் கறுப்புச் சாடி

ஜூன் 4
செகந்திராபாத் வீட்டைக் காலி செய்ததில் என் பங்குக்கு வந்தது, பூஜை அறையில் ஊதுவத்தி செருகி வைத்திருந்த கறுப்புச் சாடி. அடி அகலம், தோள் குறுகல், நீண்ட கழுத்து. பார்த்தால் சின்னது, தூக்கினால் கை இறங்குகிறது. உடம்பு முழுக்க வெள்ளியில் கசகசாப் பூக்கள். கொள்ளுத்தாத்தாவுக்கு நிஜாம் கையால் கொடுத்தது என்கிறார் சித்தி. கொள்ளுத்தாத்தா நிஜாம் ரயில்வேயில் கணக்கர். நிஜாம் எத்தனை கணக்கர்களுக்குத்தான் கொடுத்திருப்பார்!

ஜூன் 7
காந்தம் ஒட்டவில்லை, ஆக இரும்பு இல்லை. ஒரு பக்கம் கறுப்பு போய்ச் சாம்பல் நிறம் தெரிகிறது. யாரோ புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். அந்தச் சாம்பல் நிறம்தான் துப்பு: துத்தநாகம். கறுப்பு உலோகத்தில் வெள்ளி பதிக்கும் பிதிரி வேலை என்பதில் இனிச் சந்தேகமில்லை. பதினாறு பங்கு துத்தநாகத்துக்கு ஒரு பங்கு செம்பு என்ற கணக்கில் உருக்கி வார்ப்பார்கள். மயில்துத்தக் கரைசல் பூசித் தற்காலிகமாகக் கறுப்பாக்கி, அதன் மேல் கோலம் கீறி, உளியால் பள்ளம் வெட்டி, வெள்ளிக் கம்பியை அடித்து இறக்குவார்கள். கடைசியில், இந்த வேலைக்குப் பெயர் தந்த கர்நாடகத்துப் பிதர் ஊரின் கோட்டை மண்ணை நவச்சாரத்தோடு குழைத்துச் சூட்டில் தேய்த்தால் உலோகம் கறுக்கும், வெள்ளி மட்டும் வெள்ளையாகவே நிற்கும். எனக்கு இன்னமும் மாயமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 8
பிதிரி என்றாலே பிதர் என்று முடிவு கட்ட முடியாது. லக்னோவிலும் பீகாரின் பூர்ணியாவிலும் செய்திருக்கிறார்கள். லக்னோவில் வெள்ளியைப் புடைப்பாக எழுப்பும் வேலைக்குப் பேர். இதில் நகத்தால் வருடினால் எங்கும் தட்டவில்லை, இதழும் தரையும் ஒரே மட்டம். என் ஓட்டு தக்காணத்துக்கு. பிதரும் அன்று நிஜாமின் ஹைதராபாத் சமஸ்தானத்தைச் சேர்ந்த ஊர்தானே. சம்பளக்காரரான கொள்ளுத்தாத்தா இதைக் கடையில் காசு கொடுத்து வாங்கியிருக்கலாம்.

ஜூன் 12
டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன், ஊதுவத்திச் சாம்பல்தான். ஆனால் கழுத்தின் நடுவில் ஒரு வளையப் புடைப்பு இருக்கிறதே, பூச்சாடிக்கு அது எதற்கு? அப்புறம் அருங்காட்சியகப் படங்களைப் பார்த்ததும் புரிந்துபோயிற்று. இது, புகையைத் தண்ணீர் வழியே இழுக்கும் ஹூக்காவின் தண்ணீர்ப் பாத்திரம். பதினேழாம் நூற்றாண்டில் உருண்டையாக இருந்தவை, பதினெட்டில் இப்படி மணி வடிவத்துக்கு மாறின. புகையிலை அக்பர் அரண்மனைக்குப் போனதே தக்காணத்துப் பீஜப்பூரிலிருந்துதான்.

சித்தியிடம் சொன்னேன். “இதை உங்க மாமாகிட்ட சொல்லாதே, ராகவேந்திரர் படத்துக்கு முன்னாடி இருந்த சாமான்” என்றார்.

ஜூன் 15
மணி வடிவம் வயதுக்குச் சாட்சி ஆகாது, பழைய வார்ப்பைப் பின்னாளிலும் செய்திருக்கிறார்கள். முத்திரையும் இல்லை. கடைக்காரர் ஒருவர் மறுபடி கறுப்பேற்றித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். தேய்ந்த இடம் தேய்ந்தே இருக்கட்டும், கொஞ்சம் தேங்காய் எண்ணெய் போதும். அடுத்த முறை ஹைதராபாத் போகும்போது சாலார் ஜங் அருங்காட்சியகத்துப் பிதிரிகளோடு இந்தக் கசகசாப் பூவின் இதழ்களை ஒப்பிட வேண்டும். போட்டோ எடுத்து வைத்துவிட்டேன்.